போர்டு போகவில்லை: வேலூர் வெயிலில் பழைய கம்ப்யூட்டரைப் பிழைக்க வைப்பது

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று நின்றுபோய், அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும். "போர்டு பூடுச்சு சார். இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க." கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. பதினைந்து வருஷத்துப் பழைய போர்டின் மேல் அரை நாள் குனிந்து உட்கார்ந்தால் அதற்கான கூலியை யாரும் தரப்போவதில்லை. புதுசு ஒன்றை விற்றால் பத்து நிமிஷத்தில் லாபம். ஆனால் அந்தத் தீர்ப்பு முக்கால்வாசி நேரம் தவறு என்பதுதான் என் அனுபவம்.

கடைக்காரர் 'போர்டு' என்று சொல்லும் மதர்போர்டு கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். நம் மாவட்டத்தில் பழைய கம்ப்யூட்டரைக் கொல்வது வயசு அல்ல. சுவரிலிருந்து வரும் கரண்டும், கூரையிலிருந்து இறங்கும் சூடும், சில ஊர்களில் காற்றும். ஆகவே பரிசோதனையைச் சுவரில் ஆரம்பித்து உள்ளே போக வேண்டும். எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு: மூடியைக் கழற்றியதும் ராமைப் பிடுங்குவது, பிராசசரைக் கழற்றுவது. அதற்குள் பாதி நேரம் ஏதாவது ஒரு பின் வளைந்துவிடும்.

சுவரில் இருக்கும் மூன்றாவது ஓட்டை

கேபினெட்டின் பின்பக்கம், பெயின்ட் இல்லாத தகரத்தைப் புறங்கையால் லேசாகத் தடவும்போது ஜிவ்வென்று ஓர் அதிர்வு தெரிகிறதா? வேலூரின் பழைய தெருக்களில், வேலப்பாடியிலும் கொசப்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் இருக்கிற பழைய வீடுகளில் இது சகஜம். "லேசா ஷாக் அடிக்கும், ஒண்ணும் ஆகாது" என்று வீட்டில் இருப்பவர்களே பழகிப்போய்ச் சொல்வார்கள்.

அந்த அதிர்வுக்குக் காரணம் கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை. சுவர்க் கரண்டை வாங்கி கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள், கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து தகரப் பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து அதே பெட்டிக்கு. பெட்டி பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டையான எர்த்தோடு இணைந்திருந்தால் அதில் கசியும் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி நடுவில் தொங்கும்: 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்டில். கசிகிற கரண்ட் மில்லியாம்பியரில் ஒரு பின்னம்தான் என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் சிப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எர்த் இல்லாத கம்ப்யூட்டரையும், வேறு பாயிண்டில் ஓடுகிற பிரிண்டரையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளால் இணைத்தால், அந்தப் பாதி வோல்டேஜ் கேபிள் வழியாகப் பாய்ந்து போர்ட்டைச் சுட்டுவிடும். பழைய டிடிபி கடைகளில் பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட் போய்விட்டது, மானிட்டர் கேபிள் மாட்டும்போது பொறி பறந்தது என்று சொல்லும் கதைகளில் பல இங்கேதான் பிறந்தவை.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பாயிண்டைச் சோதிக்கலாம். ஏசி வோல்ட்டில் வைத்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வரணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது அளவு 100, 140 என்று ஏதோ ஒரு எண்ணில் தடுமாறினால் எர்த் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மாடி போர்ஷன்களில் பச்சை வயர் மீட்டர் பெட்டி வரை வந்து, அங்கே டேப் சுற்றி மடக்கி விடப்பட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம்.

எர்த் இருந்தும் கோடையில் வேலை செய்யாமல் போவது நம் ஊருக்கே உரிய சங்கதி. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி ஈரம் இருக்கும் வரைதான் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். பாறையும் சரளையுமாக இருக்கிற மண், வறண்டு கிடக்கிற பாலாறு, 40 டிகிரியைத் தாண்டுகிற மே மாதம் எல்லாம் சேர்ந்தால் அந்தக் குழி காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை எர்த் குழியில் ஒன்றிரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது பழைய எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் யோசனை. கம்ப்யூட்டருக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எர்த் கிடைக்கவில்லை என்று பாயிண்டின் உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அதிர்வு அன்றைக்கே நின்றுவிடும், அவரும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்குவார். என்றைக்காவது கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் விட்டுப்போனால் கேபினெட், கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாவற்றின் தகரத்திலும் முழு 230 வோல்ட் நிற்கும். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் வீட்டில் இல்லையென்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு முதலில் அதைப் போடச் சொல்வேன்.

எஸ்எம்பிஎஸ்: பல்லியும் குண்டு பல்பும்

சுவர் சரி என்றால் அடுத்தது எஸ்எம்பிஎஸ். இதன் உள்ளே கை வைக்கும் முன் ஒரு கணக்கு: 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 325 வோல்ட் ஆகும். அதைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நேரம் பிடித்துத்தான் இறங்கும். இறக்கிவிட வேண்டிய ரெசிஸ்டர் போயிருந்தால் இறங்காமலே நிற்கும். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும் வரை தொடக் கூடாது. பழைய டப்பா மானிட்டரின் பிக்சர் டியூப்பில் இருப்பது 20,000 வோல்ட்டுக்கு மேல்; அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

கழற்றாமலே சோதிக்க வழி உண்டு. ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ்ஸை போர்டிலிருந்து பிரித்துவிட்டு, ஒரு பழைய ஹார்டு டிஸ்கையோ சிடி டிரைவையோ மட்டும் சுமைக்கு மாட்டி, பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது. மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரணும். ஊதா வயரில் ஆஃப் செய்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கும். அது இல்லையென்றால் பவர் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் கம்ப்யூட்டர் அசையாது. "ஒரேயடியா டெட்" என்று வருகிற கேஸ்களில் இந்த ஊதா வயர்தான் முதல் குற்றவாளி.

பென்டியத்துக்கு முந்தைய 386, 486 பிராசசர்கள் காலத்து ஏடி வகை எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டுக்குப் போகும் கனெக்டர் இரண்டு துண்டாக இருக்கும். மாட்டும்போது இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வரணும். மாற்றி மாட்டினால் போர்டு அந்த நொடியே போகும். இதில் மட்டும் கடைக்காரர் தீர்ப்பு உண்மையாகிவிடும்.

வருஷக்கணக்கில் பரணில் கிடந்த மெஷினை நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. டிவி மெக்கானிக்குகள் வைத்திருந்த சீரிஸ் பல்பு வித்தையை இங்கே கடன் வாங்கலாம். ஃபேஸ் வயரில் ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று ஒருமுறை எரிந்து மங்கினால் நல்ல சகுனம், கெபாசிட்டர்கள் நிரம்பிவிட்டன. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு இல்லாமல் போட்டிருந்தால் ஃபியூஸோ டிரான்ஸிஸ்டரோ வெடித்திருக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230இல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு நிறத்தின் மேல் ஏனோ ஒரு பிரியம்.

1980களின் மெஷின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. அதன் மின் பெட்டியில் இருக்கிற ரிஃபா என்ற காகிதக் கெபாசிட்டர்கள் காலப்போக்கில் மேல்தோல் வெடித்து ஈரத்தை உறிஞ்சும். ஆன் செய்த சில நிமிஷத்தில் அறை முழுக்க நாற்றமும் வெள்ளைப் புகையும். அபூர்வமாக அப்படி ஒன்று கையில் கிடைத்தால் அந்தக் கெபாசிட்டர்களை மாற்றிய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

பல்லி விஷயம் வேடிக்கை இல்லை. பின்பக்கம் கார்டு இல்லாத ஸ்லாட்டின் தகரப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுகிற வீடுகள் ஏராளம். கதகதப்புக்கு உள்ளே போகும் பல்லி எஸ்எம்பிஎஸ்ஸின் 325 வோல்ட் பக்கம் குறுக்கே படுத்தால் அதுவும் போகும், பெட்டியும் போகும். கொசுவலை வெட்டி ஒட்டினாலே தீர்ந்தது.

கூரைச் சூடு போடும் கணக்கு

போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளான எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள்தான் பழைய கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பவை. உள்ளே அலுமினியத் தகடும், திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தத் திரவம் ஆவியாகிக்கொண்டே வரும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு.

105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கெபாசிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேபினெட்டுக்குள் அது 65 டிகிரியில் ஓடினால் நான்கு முறை இரட்டிப்பு, 32,000 மணி. தினம் 8 மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 11 வருஷம். அதே மெஷினை வெயில் இறங்கும் மொட்டைமாடி அறைக்குத் தூக்கிப் போய், உள்ளே 75 டிகிரி ஆனால் 16,000 மணி, ஐந்தரை வருஷம். ஒரு வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் தாத்தாவாகிற வரை ஓடுவதும், மாடியில் இருப்பது பையன் காலேஜ் முடிப்பதற்குள் நிற்பதும் ராசியால் அல்ல.

இதோடு ஒரு சரித்திரமும் சேர்ந்துகொண்டது. 1999இலிருந்து 2007 வரை உலகம் முழுக்க விற்ற போர்டுகள் பலவற்றில் கலவை சரியில்லாத திரவம் உள்ள கெபாசிட்டர்கள் வந்துவிட்டன. உள்ளே வாயு உண்டாகி மண்டை உப்பி வெடிக்கும். டெல் நிறுவனம் 2005இல் இப்படிப்பட்ட ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களைச் சரிசெய்ய சுமார் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. நம் வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததும் அதே காலத்தில்தான். அந்தப் பென்டியம் 4 மெஷின்கள் பரணில் இருந்தால் மூடியைத் திறந்து பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். லேசாகக் குமிழ்ந்திருந்தாலோ, மேலே கீறியிருக்கும் கோட்டு வழியாக காப்பிப்பொடி போலப் பழுப்பு கசிந்திருந்தாலோ விஷயம் அங்கேதான். அறிகுறிகளும் தெளிவு: காலையில் ஆன் ஆக மறுக்கும், நான்கைந்து முறை முயன்றால் வரும், ஒருமுறை வந்துவிட்டால் சாயங்காலம் வரை ஓடும். குளிரில் திரவம் இன்னும் மோசமாக வேலை செய்வதால் மார்கழியில் தொல்லை அதிகம். இதைத்தான் "போர்டு பூடுச்சு" என்கிறார்கள். மாற்ற வேண்டிய சாமானின் மொத்த விலை ஒரு பிரியாணிக்கு மேல் போகாது.

மாற்றும்போது மைக்ரோஃபேரட் அளவு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதே அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி, உள்தடை குறைந்த லோ ஈஎஸ்ஆர் வகை. கடைசிச் சொல்லைக் கடையில் அழுத்திச் சொல்ல வேண்டும். ரேடியோவுக்குப் போடும் சாதாரணக் கெபாசிட்டரைப் பிராசசர் பக்கத்தில் போட்டால் சில மாதத்தில் திரும்ப உப்பும். உருளையின் பக்கவாட்டுக் கோடு மைனஸ். போர்டில் அச்சிட்டிருக்கும் வட்டத்தில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸைக் குறிக்கும், ஆனால் சில கம்பெனி போர்டுகளில் நேர்மாறு. ஆகவே கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ. மைனஸ் பக்கத்துக் கால் பெரும்பாலும் போர்டின் உள்ளே இருக்கும் பெரிய செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிவிடும். 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு நின்றால் ஈயம் உருகாது, கோபத்தில் இழுத்தால் துளையோடு பிய்ந்து வரும். 60 வாட் அயர்ன் எடுத்து, பழைய பற்றின் மேல் புது ஈயம் கொஞ்சம் சேர்த்தால் சுலபமாக இளகும்.

யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் ஏறக்குறைய இதே சூட்டுக் கணக்குதான். மேற்குச் சுவரை ஒட்டி யுபிஎஸ் வைத்தால் இரண்டு கோடைக்கு மேல் வராது.

தோல் ஊர்களின் காற்று

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களில் கம்ப்யூட்டர் சாகும் விதமே வேறு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் அமிலத்தோடு கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். நம்மூர்க்காரர்களுக்குப் பழகிப்போன அந்த அழுகிய முட்டை வாடை அதுதான். வெள்ளிக் கொலுசு இந்த ஊர்களில் சீக்கிரம் கறுப்பதும் இதனால்தான். போர்டில் இருக்கிற வெள்ளிக்கும் செம்புக்கும் அதே கதி.

இங்கே ஒரு வினோதம். 1995இன் போர்டு 2008இன் போர்டை விட இந்தக் காற்றைப் பொதுவாக நன்றாகத் தாங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குத் தடை கொண்டுவந்ததும் உலகத் தயாரிப்பே மாறிப்போனது. அதற்கு முன் போர்டின் செம்பை வெள்ளீயமும் காரீயமும் கலந்த பூச்சு முழுக்க மூடியிருக்கும். அதன் பிறகு பல தயாரிப்பாளர்கள் மெல்லிய வெள்ளிப் பூச்சுக்கு மாறினார்கள். கந்தக வாயுவும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் ஓரத்தில் செம்பு சல்பைடாக மாறிக் கறுப்புப் பாசி மாதிரி ஊர்ந்து பக்கத்துப் பாதையைத் தொட்டுவிடும். ஷார்ட் அங்கே. மிகச் சின்ன ரெசிஸ்டர்களின் ஓரத்தில் இருக்கும் வெள்ளியும் கறுத்துத் தொடர்பு அறுந்துபோகும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து, போர்டில் பச்சைப் பூச்சு மூடாத துளைகளின் விளிம்பைப் பார்த்தால் மையைத் தொட்டு வைத்தது போல வட்டம் தெரியும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் போதும். தேய்த்துக் காயவைத்தால் சில வருஷம் ஓடும். முற்றிவிட்டால், என்னைக் கேட்டால், பாடுபட வேண்டாம். இந்த ஊர்களில் மெஷின் வைத்திருப்பவர்கள் தோல் ஷெட் பக்கத்து ஜன்னலை மூடி வைப்பதும், மெஷினை மாதக்கணக்கில் சும்மா போடாமல் அவ்வப்போது ஓட்டுவதும் நல்லது. ஓடுகிற சூட்டில் ஈரம் படியாது.

குடியாத்தத்தில் கதை வேறு. தறியிலிருந்து பறக்கும் பஞ்சு, பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்குக்கும் ஃபேனுக்கும் நடுவே மெத்தை மாதிரி அடைந்துகொள்ளும். ஃபேன் சுற்றுவது தெரியும், காற்று மட்டும் போகாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். கடைகளில் இதற்குச் சாம்பிராணிப் புகையும் துணை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கேபினெட் மேலேயே சாமி படம் வைத்துப் புகை போட்டால் அந்தப் பிசுக்கு உள்ளே படிந்து தூசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புளோயரால் ஊதினாலும் வராது. சாமி படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங்கும் போகும், ஃபேனே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குத் திருப்பி அனுப்பும்.

இருபது ரூபாய் வேலைகள்

டேட் தப்பாகக் காட்டுகிறது, எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, வைரஸ் என்று சொல்லிவிட்டார்கள் என்று வரும் மெஷின்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது, போர்டில் கடிகாரத்தை ஓட்டும் வட்டமான சிஆர் 2032 பேட்டரி ஒன்று. கடிகாரம் 2002க்குப் போய்விட்டால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்கிறது. 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 2.7க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம்.

386, 486 போர்டுகளில் இந்த வட்டப் பேட்டரிக்குப் பதில் நீலநிற உருளையாக நிக்கல் காட்மியம் பேட்டரி ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கட்டாயம் கசியும். கசிவது காரம், பச்சைப் பூஞ்சை பிடித்தது போலப் பாதைகளைத் தின்றுகொண்டே போகும். முதலில் அதை வெட்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பொங்கி அடங்கும். பிறகு நல்ல தண்ணீர், பிறகு ஆல்கஹால். மறுபடி ஓட்டும் எண்ணமே இல்லாமல் பரணில் போட்டிருந்தாலும் இந்தப் பேட்டரியை மட்டும் இன்றைக்கே வெட்டிவிடுங்கள்.

டிஸ்பிளே இல்லாமல் பீப் பீப் என்று கத்தினால் ராம். பென்சில் ரப்பரால் தங்கநிறப் பற்களைத் துடைப்பது ஊரறிந்த வைத்தியம், அது உண்மையிலேயே வேலையும் செய்கிறது. ரப்பர் துகளைத் துடைத்துவிட்டு மாட்டினால் சரி. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்; தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே திரும்பக் கறுக்கும்.

2011இலிருந்து தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகள் இன்னும் ஏராளமான வீடுகளில் பீரோவுக்கு மேலே கிடக்கின்றன. பழைய சாமான் என்று ஒதுக்கிவிட்ட இவற்றில்தான் செலவுக்கேற்ற பலன் அதிகம். மெதுவாக ஓடுகிறது என்றால் குற்றவாளி அநேகமாக ஹார்டு டிஸ்க், அதற்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால் வேறு மெஷின் மாதிரி நடந்துகொள்ளும். பிராசசரின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்து மிளகளவு புதுசு வைக்கணும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டதால் இன்டர்நெட்டில் அதை வைத்துக்கொண்டு பேங்க் வேலை பார்க்க வேண்டாம், லினக்ஸ் போடுங்கள். கீபோர்டு நடுவில் மேலே எழும்பியிருந்தாலோ டச்பேட் அமுங்காமல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. குத்தவோ அமுக்கவோ கூடாது. கழற்றி வெளியே திறந்தவெளியில் வைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டலாம்.

டிடிபி கடையின் பழைய மெஷின்

லாங் பஜார் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் விண்டோஸ் 98ஓ எக்ஸ்பியோ ஓடுகிற ஒரு மெஷினை இன்னும் ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கஞ்சத்தனமாகத் தெரியும். உண்மையில் அவர்களிடம் வேறு வழி இல்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு ஃபாண்டும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்த பிறகும் கடைகள் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளை விடவில்லை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த பழைய ஃபைலைப் புது மெஷினில் திறந்தால் முருகன் துணை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் பிறைக்குறிகளும் நிற்கும். சில தமிழ் மென்பொருள்களுக்குப் பேரலல் போர்ட்டில் சாவி மாதிரி சொருகும் டாங்கிள் வேறு வேண்டும். அந்தப் போர்ட் புது மெஷினில் கிடையாது.

இப்படிப்பட்ட மெஷினில் போர்டை விட முதலில் காப்பாற்ற வேண்டியது டிஸ்கை. பழைய ஐடிஈ வகை டிஸ்கை யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாது. ஃபாண்டும் செட்டிங்கும் மென்பொருளும் சேர்த்து டிஸ்கை முழுசாக அப்படியே ஒரு நகலாக, அதாவது இமேஜாக எடுக்க வேண்டும். டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்த டிஸ்க் என்றால் லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். டாங்கிள் இல்லாத மென்பொருள் என்றால் அந்த இமேஜைப் புது கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷினாகவே ஓட்டலாம். கொஞ்சம் டிரைவர் தகராறு வரும், வந்தாலும் தீரும். பழைய ஃபிளாப்பிகளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் கீறும்.

டாங்கிள் உள்ள கடைகளுக்கு என் யோசனை, அதே மாடல் போர்டு இன்னொன்றைத் தேடி வைத்துக்கொள்வது. வேலூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது கெபாசிட்டர் தலைகளைப் பார்த்து, அங்கேயே ராம் போட்டு டிஸ்பிளே காட்டச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டுக் கீழ்த்தளத்தில் வையுங்கள். கவரின் மேல் எந்த மெஷினுக்கு, போர்டைத் தொடக்கிவிடும் மென்பொருளான பயாஸின் எந்த வெர்ஷன் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். டாங்கிளைத் தனி டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். அதே கவரில் போட்டுவிடுங்கள்.